அழைத்தவர்: தெரிந்தவர்

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
மடக்கு நாற்காலி பதினாறு, வந்தவர்கள் ஒன்பது பேர்.
காபி, காவல் நிலையத்தின் செலவு.
பன்னீராயிரம் பேர் உள்ள ஊருக்கு இருபத்தொரு போலீஸ்.
"மீதிக் கண்கள் நீங்கள்தான்" என்றார் தலைவர் ஹாலக்.

கண் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்தது.
பல் டாக்டரின் முன்மேசையில் பதினேழு வருஷம்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில்
எவருக்கு நிஜ வலி என்று
கதவு திறக்கும்போதே சொல்லிவிடுகிறவள் நான்.

அன்று பேசியதெல்லாம்
ஸ்ட்ரூப்பின் தபால் பெட்டியை யாரோ மட்டையால் அடித்தது,
நான்காம் தெருவில் விளக்கு எரியாதது,
ஒடாலிஸ் கிரோகாவின் பேக்கரிக் கதவில் கீறல்,
மறுபடியும் ஸ்ட்ரூப்பின் தபால் பெட்டி.

கடைசியில் ஒரு தாள் சுற்றி வந்தது.
ஓரிரவு ரோந்து வண்டியில் கூடப் போகலாம்,
உயிருக்கு ஏதும் நேர்ந்தால் நகராட்சி பொறுப்பல்ல.
முதல் கையெழுத்து என்னுடையது.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
ஓட்டியவள் லோர்னா ட்வெட்,
உதட்டில் வெடிப்பு, டாஷ்போர்டில் பாதி வாழைப்பழம்.
எனக்கு முன்னிருக்கை.
பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது என்று
திரும்பிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

பதினொரு மணி வரை ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு மான்.
மூட மறந்த ஒரு கராஜ்.
சலவைக் கடை வாசலில் சாவியைத் தொலைத்துவிட்டு
அழாமல் நிற்கப் பாடுபட்ட ஒரு பையன்.

திரையில் பழைய அழைப்புகள் நகர்ந்தன.
மேப்பிள் தெரு, 412க்கு எதிரே. நிற்கும் கார். ஆண்.
தனக்குத்தானே பேசுகிறான். கையால் சைகை காட்டுகிறான்.
அதே வரி, பதினொரு தடவை.
அழைத்தவர்: தெரிந்தவர்.
வெர்னா டிஸ்கி என்று எழுதக்கூட
அலுத்துப் போயிருந்தது அவர்களுக்கு.

லோர்னா ஒன்றும் கேட்கவில்லை.
இண்டிகேட்டர் டிக் டிக்கென்றது. இடது பக்கம். என் தெரு.

கார் நின்றிருந்தது.
பேட்டரி செத்து, கண்ணாடியின் உள்புறம் உறைபனி.
"என்ன ஃபிஸ்டன், மறுபடியுமா?"
மறுபடியும்.
அப்படியானால் பதினொரு தடவையும் யாரோ வந்து
கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள்.
பதினொரு தடவையும் இவன்
இரண்டு கையும் தெரிய, உரிமத்தை நீட்டியிருக்கிறான்.

மாடியில் ஒற்றை அறை.
வான்கோழி ஆலையிலிருந்து திரும்பிய மனைவி தூக்கத்தில்,
எட்டு மாதக் குழந்தை அரைத் தூக்கத்தில்.
சத்தம் போட்டுப் படிக்க அவனுக்குக் கார்தான் வாய்த்தது.
மடியில் குடியுரிமைத் தேர்வின் கேள்விகள்,
மூலை மடங்கிய தாள்களாக.

லோர்னா கேபிள் மாட்டினாள்; நான் டார்ச் பிடித்தேன்.
சும்மா நிற்கிற நேரத்தில் அவன் கேட்டான்,
நாட்டின் மிக நீளமான ஆறுகள் இரண்டில்
ஒன்றைச் சொல்லுங்கள்.
சட்டென்று வரவில்லை எனக்கு.
இரண்டு தெரு தள்ளி, பனிக்கட்டிக்கு அடியில்,
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நீல வீடுதானே நீங்கள்?" என்றான்.
"மாடித் திரைச்சீலை அசைந்தால் கை காட்டுவேன்.
நம்மைப் போல இன்னொருவரும் தூங்கவில்லை என்று."

வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
குளிர், என்றேன்.

நிலையத்தில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள்.
நான்காம் கேள்வி: முன்னைவிடப் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
ஓரத்தில் 'யார்?' என்று எழுதி, அடித்தேன்.
செய்த அழைப்பைத் திரும்பப் பெற
எந்தப் படிவம் என்று விசாரித்தேன்.
அப்படி ஒன்று கிடையாது என்றாள் லோர்னா,
கறுத்துப்போன வாழைப்பழத்தை உரித்தபடி.

அடுத்த வியாழக்கிழமை, தபால் பெட்டியிலிருந்தே
ஆரம்பித்தார் ஸ்ட்ரூப்.
நான் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

நேற்றிரவு கார் வந்து நின்றது.
விளக்கைப் போட்டுவிட்டே திரைச்சீலையை விலக்கினேன்.
நெடுநேரம் நின்றேன், கை பாதி உயர்ந்து.
தாளை விட்டு அவன்
தலை நிமிரவில்லை.