ஒரே பெயரில் மூன்று துவக்குகள்

நிரலில் மூன்றுக்கும் ஒரே பெயர் எழுதியிருந்தேன்.
ஒரே கம்பனி, ஒரே மொடல், இருபத்திரண்டு விட்டம்.
"ஒன்றையே மூன்று தரம் எழுதிப்போட்டீங்களோ மிஸ்?"
என்றார் பதிவாளர்.
தூக்கிப் பாருங்கோ ஐயா என்றேன்.
அவர் தூக்கவில்லை.

முதலாவது
தம்பலகாமம் குலவீரசிங்கத்தின் பன்றித் துவக்கு.
அறுபத்திரண்டில் லைசென்ஸ்,
எண்பத்துநாலில் ஒப்படைத்த துண்டு
இன்னும் குழலில் நூலோடு தொங்குகிறது.
உருக்கின் நீலம்
மழை இறங்க முந்திய உட்துறைமுகம்.
கட்டையில் கைபிடிக்கென்று வெட்டிய கோடுகளில்
ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல்:
எவனுக்கோ அந்த நேரம் தும்மல் வந்திருக்கிறது.
அடிப்பக்கத்துத் திருகாணிகளின் வெட்டெல்லாம்
ஒரே திசை பார்த்து நிற்கின்றன.
யாரும் பார்க்காத இடம் அது.

இரண்டாவது எழுபத்தொன்பது,
சீனக்குடாவில் ஊழியர்கள் நடத்திய சுடும் கழகத்தினுடையது.
வெளிறிய மரத்துக்குச் சாயம்.
கோடுகள் வெட்டியவை அல்ல, அச்சில் அழுத்தியவை;
கோணல் இல்லை, பிடியும் இல்லை.
விசைக்காப்பு அலுமினியம்.
எங்கேயோ ஒரு மேசையில்
ஒருவர் ஒரு சதம் மிச்சம் பிடித்திருக்கிறார்.
அந்தச் சதம்
என் சுட்டுவிரலில் தட்டுப்படுகிறது.

மூன்றாவதைப் பாய்க்கப்பலில் வந்த ஒருவன்
சுங்கத்தில் கொடுத்துவிட்டுத்
திரும்பி வரவேயில்லை.
கட்டை முழுக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக்,
நடுவால் அச்சின் பொருத்து
தலைவகிடு மாதிரி ஓடுகிறது.
ஆட்டினால் கிலுகிலுக்கும்.
"பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாம்" என்று
நான்தான் சொன்னேன்.

யன்னலுக்கு அப்பால் கடல்.
எங்கள் அறைக்கு உப்புக்காற்றைத் தவிர
வேறு பரிசோதகர் இல்லை.
பதினொரு வருசத்தில்
அந்த நீலத்தை அது தின்று முடித்தது,
எண்ணெய்த் துணியோடு நான் நின்ற திங்கட்கிழமைகளையும் சேர்த்து.
அலுமினியத்தில் வெள்ளைப் பூ.
பிளாஸ்ரிக்கை நக்கிப் பார்த்துவிட்டு
விட்டுவிட்டது.

அழிக்க முதல் சுட்டுப் பதியவேண்டும் என்பது கட்டளை.
சார்ஜன்ட் ஹேமசிறி,
ஐம்பது மீற்றர், ஒவ்வொன்றிலும் ஐந்து.
குலவீரசிங்கத்தினது ஐந்தும்
பழைய இரண்டு ரூபாய்க் குற்றிக்குள்.
கழகத்தினது தேத்தண்ணித் தட்டளவு சிதறல்.
கிலுகிலுப்பை
ஐந்தையும் என் பெருவிரல் நகத்துக்குள் போட்டது.

எனக்குக் கோபம் வந்தது.
யாரில் என்று விளங்கவில்லை.
ஹேமசிறி சிரித்தார்:
"குழல் மட்டும் கவனமாச் செய்திருக்கிறான்கள், நோனா.
மிச்சத்தில் காசு பார்த்திருக்கிறான்கள்."
அப்படியென்றால் அந்தத் திருகாணிகள்?
குழலுக்கு அவற்றைத் தெரியாது.
பன்றிக்கும் தெரிந்திராது.

கிண்ணியா ஜுனைதீன் காஸ் சிலிண்டரோடு வந்தார்.
பழையதை அறுக்க நேரம் பிடித்தது.
"நல்ல உருக்கு" என்றார்,
புகழவில்லை,
செலவான காஸைக் கணக்குப் பார்த்தார்.
பிளாஸ்ரிக் எரிந்த நாற்றத்துக்கு
படலையடியில் நின்ற மான் இரண்டும்
தலையைத் தூக்கின,
பிறகு பஸ் நிலையப் பக்கம் நடந்தன.

நிலை என்ற கட்டத்தில்
மூன்றுக்கும் ஒரே சொல் எழுதினேன்.
மிச்சம் வெற்றுக் கோதுகள்.
இந்த இனத்துக்கு அடி நடுவில் விழாது, விளிம்பில்தான்.
மேசையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தேன்:
ஒரு வகை, நறுக்கென்று சதுரத் தடம்.
ஒரு வகை, சரிந்த கீறல்.
ஒரு வகை, தேவைக்கு மேல் ஆழம்.
நிரலில் ஒன்றான மூன்றும்
இங்கே ஆளுக்கொரு கையெழுத்து.

பதினைந்து இருக்கவேண்டும்.
பதினாலு.
திரும்ப எண்ணுகிறேன்,
சதுரத்தில் ஒன்று குறைகிறது.