காலியம்

புனலூரில் வர்கீஸ் எடை போட்டபோது
கட்டியாகத்தான் இருந்தது. இருபது கிராம்.
பேரம் பேசவில்லை; வெளியே மழை.

ஆரியங்காவு தாண்டி பஸ் இறங்க இறங்க
சட்டைப்பைக்குள்
அது மனசு மாறியிருக்கிறது.

புளியரையில் ஏறிய ஏட்டு
சீசாவை வெயிலில் சாய்த்தார்.
"பாதரசமா?"
"காலியம் சார்."
"காலிங்கறே, உள்ளே தளும்புதே?"
பஸ்ஸே சிரித்தது.
"இரிடியம் பார்ட்டியா நீ?"

அதுவும் இருக்கிறது என்று சொல்லவா?
பண்பொழி வீட்டில், தீப்பெட்டிக்குள், பஞ்சின்மேல்,
கடுகில் பாதி.
போன தீபாவளி போனஸ்.
கோபுரக் கலசத்தில் சுரண்டியதல்ல.
அரிசியை இழுக்காது. கோடிக்குப் போகாது.
ராஜத் திராவகத்துக்கும் அசையாமல்
சும்மா கிடக்கும்.
அதற்குத்தான் வாங்கினேன்.

ராத்திரி பிரிட்ஜில், தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
குளிர்ந்தும் இறுகவில்லை.
பூரணம் கதவைத் திறந்தாள், பார்த்தாள்,
கொத்தமல்லியை எடுத்துக்கொண்டு போனாள்.

இறுக வேண்டுமானால்
ஏற்கெனவே இறுகியது ஒரு துணுக்கு வேண்டும்.
போன வருஷச் சீசாவின் மூடியில் ஒட்டியிருந்த பொட்டை
ஊசிமுனையில் எடுத்து இட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, ஓரத்தில்,
ஒரு கோணம்.