கடைவாய்ப் பல்

முன்னூறு யூரோ.
பல் கட்ட வைத்திருந்தது.
வலப்பக்கக் கடைவாயில் ஒரு குழி.
நாக்கு நாளுக்கு ஆயிரம் தடவை
போய்ப் பார்த்துவிட்டு வரும்.

வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன்.
புதன்கிழமை கடைத்தெருவில்
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டிரம் செட்,
புத்தம் புதிது,
இருநூற்று எண்பத்தொன்பது என்ற அட்டையோடு.
உள்ளே போய் சிம்பலை நகத்தால் சுண்டினேன்.
சூப் பொங்கும்போது எகிறித் தரையில் விழுமே,
அந்தச் சட்டி மூடி.
"தொடக்கத்துக்கு இது போதும் மேடம்" என்றான் பையன்.
நாற்பத்தாறு வயதில் தொடங்குகிறவளுக்குத்
தொடக்கத்துக்குப் போதும் என்பது
முடிவுக்கும் சேர்த்துத்தான் தம்பி.
சொல்லவில்லை.
வாயைத் திறந்தால் குழி தெரியும்.

ரியேக்காவில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்,
துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு,
மேட்டிலிருந்து துறைமுகத்துக்கு.
மழை நாளில் வைப்பர் ஒரு கணக்கில் போகும்,
இண்டிகேட்டர் இன்னொரு கணக்கில்.
எட்டாவதோ ஒன்பதாவதோ அடியில்
இரண்டும் ஒன்றாக விழும்.
அதைக் கேட்பதற்காகவே
சில திருப்பங்கள் முடிந்த பிறகும்
அணைக்காமல் விட்டிருக்கிறேன்.
பின்னால் வரும் கார்க்காரர்கள் திட்டுவார்கள்.

பணிமனைப் பலகையில் ஒரு துண்டுக் காகிதம்:
ஸ்வோனிமிர், குழாய் வேலை,
இசைக்குழு கலைந்துவிட்டது,
சிவப்பு நிறம், ஐந்து டிரம், மூன்று சிம்பல், நானூற்று அறுபது.
அவன் கராஜில் இருவரும் நின்று
கசாப்புக் கடையில் போல
எது கறி எது எலும்பு என்று பிரித்தோம்.
மூன்று வாரமாக வண்டி எடுக்கும் இடைவெளியில்
கைபேசியில் படித்ததெல்லாம் என் தலையில் இருந்தது.
தோல் கிழிந்தால் மாற்றலாம்.
சிம்பலில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.
விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன்,
காதலனின் சட்டைக் காலரைப் பார்ப்பதுபோல்.
ஒன்றில் கீறல் இருந்தது. தள்ளி வைத்தேன்.
பிறகு ஹை-ஹேட்,
ஒன்றுக்கொன்று ஜால்ரா போடும் இரண்டு தட்டு.
பெடலை மிதித்தேன்.
ட்ஸ்.
என் பேருந்தின் பின்கதவு.
அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மேலே மாட்டும் டாம் இரண்டையும் விட்டேன்.
முக்காலிக்கு நாற்பது கேட்டான், அதையும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

என் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
பேஸ் டிரம்மை முதுகில் கட்டி ஏறுகையில்
மலையிலிருந்து பூரா காற்று இறங்கி
அதன் ஓட்டைக்குள் புகுந்தது.
நான் தொடும் முன்பே ஒருமுறை முனகியது.
ஆக, முதலில் வாசித்தவள் நானில்லை.

கீழ்வீட்டு ஓர்னெல்லா கதவைத் தட்டினாள்.
மருத்துவமனையில் இரவு வேலை அவளுக்கு.
மாலை ஆறிலிருந்து ஏழு, ஞாயிறு கிடையாது என்று முடிவானது.
பதிலுக்கு
அவள் தாமதமாக ஓடிவரும் நாட்களில்
என் பேருந்து நிறுத்தத்தில்
அரை நிமிடம் கூடுதலாக நிற்கும்.
செலவில்லாமல் முடிந்த ஒரே பேரம் அது.

பீர்ப் பெட்டி மேல் தலையணை, அதன் மேல் நான்.
வலது கால் இறங்கியது.
இடது கால் கதவைச் சாத்தியது.
நான்கு எண்ணி உருட்டிக்கொண்டு போகையில்
இடக்கை
டாம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போய்க்
காற்றை அடித்தது.
அதே நொடியில் நாக்கு
குழியில் இருந்தது.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
போகட்டும்.
அந்த ஓர் அடி மட்டும் சத்தமில்லாமல் விழ
மற்றதெல்லாம் சரியாக வந்தது.
சரியாக என்றால், ஏறக்குறைய.

மருத்துவமனைப் பெண் தொலைபேசியில் கேட்கிறாள்,
எப்போது வருகிறீர்கள் என்று.
அடுத்த சம்பளத்தில் பல்லா, டாமா?
இன்னும் முடிவாகவில்லை.
இடப்பக்கமாக
மென்றுகொண்டிருக்கிறேன்.