ஒரு மணி ஐம்பது நிமிடம்

எங்கள் பள்ளத்தாக்கில்
தொலைவைக் கிலோமீட்டரில் எழுதுவதில்லை.
மஞ்சள் பலகையில் இருப்பது நேரம்.
தேவாலயத்திலிருந்து ஃபால்கென்ராய்ன் கோட்டைக்கு
நாற்பது நிமிடம்.
கோட்டையிலிருந்து குல்ம் குடிலுக்கு
ஒரு மணி ஐம்பது.

யாருடைய கால்களுக்கு?
மலைச் சங்கத்தின் பழைய பதிவேட்டில்
'அளந்தவர்: வின்ஸென்ஸ்' என்று மட்டும்.
காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மனிதர் போலும்.
வழியில் தண்ணீர் குடித்திருக்கமாட்டார்.
பனியாறு தெரியும் திருப்பத்தில்
தலையைக்கூடத் திருப்பியிருக்கமாட்டார்.

ஆறு நாள் நான் கோட்டை அருங்காட்சியகத்தில்
நுழைவுச்சீட்டு கிழிக்கிறேன்.
ஈரக் குடைகளை வாங்கி வைக்கிறேன்.
கழிப்பறைக்கு வழி
ஐந்து மொழிகளில் சொல்வேன்.

இரண்டாம் கூடத்தில் ஓர் இரும்புக் கவசம்.
இடது மார்பில்
ஒரு முட்டை உட்காரும் அளவுக்குப் பள்ளம்.
பள்ளிப் பிள்ளைகள் வந்தால்
நேரே அதன் முன்னால்தான்.
செத்துட்டாரா? எந்தப் போர்? ஈட்டியா?
காஸியான் நல்ல வழிகாட்டி,
ஆனால் பொய் சொல்ல வராது.
கூரை ஒழுகிய வருஷம்
வண்டியில் ஏற்றும்போது
கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்பான்.
வரிசையாக முகங்கள் அணைந்துபோகும்.
போன வாரம், முன்பல் விழுந்த ஒருத்தி மட்டும்
விடாமல் நின்றாள்:
"போட்டது யாரு?"

அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை.
சிவப்பு ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா,
இரண்டு தூரிகை, கம்பித் தேய்ப்பான்.
பாறைகளில் மங்கிய வழிக்குறிகளுக்கு
மறுபடி நிறம் கொடுக்க ஏறினேன்.
சங்கத்தில் இந்த வேலைக்குக் கை தூக்கியது
நான் ஒருத்திதான்.
வசந்தத்தில் அறுத்துத் தைத்த இடது முழங்கால்
ஊசியிலைக் காடு முடியும்வரை சும்மா இருந்தது.
அப்புறம் பேசத் தொடங்கியது.
வண்ணம் பூசிய நேரத்தைக் கழித்துப் பார்த்தால்
இரண்டு மணி முப்பத்தைந்து.

குடிலில் இங்கெனுயின்
குளிர்காலத்துக்கு ஜன்னல்களில் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.
வாயில் நான்கு ஆணி.
"தாமதமாயிடுச்சு" என்றேன்.
ஆணிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.
"இங்க வர்ற எல்லாரும்
கதவைத் திறந்ததும் இதத்தான் சொல்றாங்க.
யாரும் காத்திருக்கல,
இருந்தும் மன்னிப்புக் கேக்கறாங்க.
பதினோரு வருஷத்துல ஒன்று ஐம்பதுல வந்தது
ஒரே ஒரு ஆடு."

சூப் குடித்தேன். ரொட்டியின் அடி கருகியிருந்தது.
மேகம் இறங்குமுன் கிளம்பினேன்.

ஏறுவது மூச்சின் வேலை.
இறங்குவதுதான் முழங்காலின் கணக்கு.
கைத்தடியை முதலில் அனுப்பி,
பின்னால் நான்,
உருளும் சரளையில் பக்கவாட்டில்,
நண்டு போல.
காலையில் பூசிய குறிகள்
இன்னும் ஈரமாக என்னைப் பார்த்தன.
கோட்டைப் பாலத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்பினேன்.
ஒரு மணி ஐம்பத்திரண்டு.

பாலத்தின் மேலேயே நின்றுவிட்டேன்.

அந்த மனிதர் ஏறவே இல்லை.
மேலிருந்து கீழே வந்திருக்கிறார்,
தடி ஊன்றி, பல்லைக் கடித்து,
ஒருவேளை இதே காலைத் தாங்கி.
யாரோ ஒருவர் அந்த எண்ணை
தவறான அம்புக்குறியின் கீழ் எழுதியிருக்கிறார்.
இத்தனை கோடைகளாக
வியர்த்துச் சிவந்து மேலே போய்ச் சேர்ந்தவர்கள்
கேட்ட மன்னிப்பெல்லாம்
நொண்டி நொண்டி இறங்கிய ஒருவரிடம்.

செவ்வாய்க்கிழமை காஸியானிடம் சொன்னேன்.
பழைய பலகையைக் கழற்றியதும்
கவசத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றான்.
விளையாட்டுக்கா என்று
அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

பதிவேட்டில் அடுத்த வரி காலியாக இருந்தது.
எழுதினேன்:

குல்ம் குடில், ஏற்றம்: இரண்டு மணி முப்பத்தைந்து.
நின்ற நேரம் சேர்த்து.
அளந்தவர்: நோட்பூர்கா.
முழங்கால்: இடது.