அந்நியர் கிண்ணம்

யீஷூனில் எங்கள் பேட்டைக் காப்பிக்கடையில்
கழிப்பறைக்குப் பக்கத்துக் கடைசி ஸ்டால்.
ஜப்பான் சாப்பாடு என்று சிவப்பு விளக்கில் பெயர்.
முதலாளி ருசைனி, கேலாங் சிராய்க்காரர்.
அடுப்பில் நிற்பவன் மியன்மார்.
ஜப்பானிலிருந்து வந்தது
கல்லாவின் மேல் கையாட்டும் பூனை மட்டும் என்று நினைத்திருந்தேன்;
திருப்பிப் பார்த்தால் அதுவும் சீனத்தில் செய்தது.

இரவு பத்தே முக்கால்.
நகக்கண்ணெல்லாம் லிஃப்ட் கிரீஸ்.

மெனுவைப் படித்தாலே பாதிப் பசி சிரிப்பில் போய்விடும்.
ரொட்டியைக் கீறி அதற்குள் நூடுல்ஸ்,
சோற்றுக்குச் சோறு தொட்டுக்கொள்வது மாதிரி.
ஆக்டோபஸ் உருண்டைகளை
இரண்டு இறால் அப்பளத்துக்கு நடுவில் வைத்து
நசுக்கிக் கொடுக்கிறார்கள்.
அதன் தலையில் நெத்திலி சம்பல்: அது ருசைனியின் குறும்பு.
மீன் சினை குழைத்த வெண்ணெய், சுட்ட உருளைக்கிழங்கில்.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடத் தவித்தவர்களுக்கு
ஒருவழியாகக் கயிறு கிடைத்துவிட்டது.

புன்னைக்காயலில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற அன்று
மோர்ச்சட்டி அடுப்படிப் பக்கம் வராது.
மீனும் பாலும் சேர்ந்தால் மேலில் வெள்ளை விழும்.
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை அதை;
காற்றில் உப்புப் போலத் தெரிந்தே இருந்தது.
இங்கே உருகிய சீஸின் மேல்
மாசியைச் சீவித் தூவுகிறார்கள்.
மாசியேதான்.
உலக்கைக்கும் மசியாமல் எங்களூரில் அடம்பிடிக்கும் கட்டை
இழைப்புளியில் சீவிய சுருளாக மெலிந்து
சூடு பட்டதும் நெளிகிறது,
இன்னும் கடல் ஞாபகம் போகாதது மாதிரி.
முதல் தடவை தின்றுவிட்டு
முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மறுநாளும் பார்த்தேன்.
கறுப்புதான் இருந்தது. பாதி நிறம், பாதி கிரீஸ்.

கோழியும் முட்டையும் ஒரே கிண்ணத்துச் சோற்றில் விழுந்தால்
அதற்குத் 'தாயும் பிள்ளையும்' என்று பெயராம்.
யோசித்தால் வாய்க்குப் போகாது.
அதையே மாட்டிறைச்சியில் செய்தால்
'அந்நியர்'.
மாட்டுக்கும் முட்டைக்கும் என்ன உறவு?
பாவம் கொஞ்சம் குறைவு என்று அதைக் கேட்டேன்.

"பேர்?" என்றாள் கல்லாவில் புதிதாய் நிற்கிற பெண்.
பர்னாந்து.
எழுதின பேனா நின்றது.
நிமிர்ந்து பார்த்தாள், என் முகத்தை, என் நிறத்தை.
பிறகு தன் சட்டையில் குத்தியிருந்த அட்டையை
விரலால் தட்டிக் காட்டினாள்.
மேரிசெல் பெர்னாண்டோ.
இலோயிலோவாம். அவர்களுக்கும் கடலோரம்தானாம்.
உனக்கு எப்படி வந்தது இந்தப் பெயர், என்றாள்.
ஒரு கப்பல் வந்தது, என்றேன்.
எங்களுக்கும் கப்பல்தான், என்றாள்,
ஒரே நம்பர் பஸ்ஸில் வந்தவர்களைப் போல.
வேறு கப்பல், வேறு ராஜா.
தலையில் ஊற்றின தண்ணீரைத்தான்
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை எங்கள் இரண்டு பேருக்கும்.

கிண்ணம் வந்தது.
கேட்காமலே மேலே மாசி ஒரு கை கூடுதல்.
"சாப்பிடு, குயா."
குயா என்றால் அண்ணனாம்.
மாட்டுக்கும் முட்டைக்கும் நடுவில்
கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது.
எதிர்ப் புளோக், பி லிஃப்ட்,
ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். உள்ளே இரண்டு பேர்.
பொட்டலம் கட்டச் சொன்னேன்.
பூனை கையாட்டி வழியனுப்பியது.

படியேறினேன், பெட்டி ஒரு கையில், பை ஒரு கையில்.
கதவு இடுக்கில் கம்பியைக் கொடுத்து நெம்பும்போது
உள்ளேயிருந்து ஒரு குரல்.
காப்பாற்று என்று இல்லை, எவ்வளவு நேரம் என்று இல்லை.
"என்ன வாசனை அது?"

கம்பியை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தேன்.
எந்தப் பெயரைச் சொல்வது?