ஓரத்து வெள்ளை

கருங்கல் கிளையில் அச்சுப்பொறி இருப்பது
லாக்கர் அறைக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில்.
இடவப்பாதி மழையின் மூன்றாம் நாள்.
ஸ்டிக்கர் தாள் அப்பளமாய் வளைந்துகொண்டு
உள்ளே போகமாட்டேன் என்றது.
தாளுக்கு இருபத்துநாலு பார்கோடு.
இன்றைக்கு நாலு தாள்.
எல்லாம் ஏல நோட்டீஸ், பதிவுத் தபால்.

முதல் கட்டை நெஞ்சோடு அணைத்து
குடையைச் சாய்த்துப் பிடித்து
அஞ்சலகத்துக்கு ஓடினேன்.
பிறீடா அக்கா
சிவப்பு வெளிச்சத்தை மேலும் கீழும் காட்டினாள்.
சத்தமில்லை.
கருவியின் கண்ணைத் துடைத்தாள். கவரைத் துடைத்தாள்.
எனக்குப் பின்னால் பென்ஷனுக்கு நின்றவர்
இருமிக்காட்டினார்.

‘பிள்ளே, கோட்டுக்கு ரெண்டு பக்கமும்
வெள்ளை விடணும் கேட்டியா.
எங்க தொடங்குது எங்க தீருதுன்னு
இதுக்குத் தெரியாண்டாமா?
கொண்டுபோயி மாத்தி அடி.’

பிழை ஒரு டிக்கில் இருந்தது.
‘பக்கத்துக்குள் பொருத்து’ என்ற கட்டத்தில்
எனக்கு முன்னே இருந்த யாரோ இட்டது.
அது நூறைத் தொண்ணூற்றாறாக்கி,
கோடுகளை நெருக்கித் தள்ளி,
கடைசிக் கோட்டை ஸ்டிக்கரின் வெட்டு விளிம்பில்
கொண்டு நிறுத்தியிருந்தது.
டிக்கை எடுத்தேன்.
டோனரைக் கழற்றி
அரிசி புடைப்பதுபோல் ஆட்டி மாட்டினேன்.
‘தாளு ஒண்ணுக்கு நாலு ரூவா, பாத்து’ என்றார்
உள்ளிருந்து மேனேஜர் ஜெபசிங்.

மூன்றாம் தாள், பதினேழாவது கட்டம்.
எஸ்கலின், கணவர் பெயர் ததேயு,
குருசடிக்குப் பின்புறம், இனயம்.

அந்தச் சங்கிலியை நிறுத்தது நான்.
பதினொன்றரை கிராம்.
கொக்கியில் மீன்செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டி எடுத்தபிறகும்
தராசில் எண் மாறவில்லை.
ஒப்பிட்டுவிட்டு வாசல்வரை போனவள்
திரும்பிவந்து கேட்டாள்,
‘எக்கா, கடுதாசி ஏதும் வீட்டுக்கு வருமா?
மாமிக்குத் தெரியாது.’
‘வட்டி கெட்டினா வராது.’
அதற்குச் சிரித்தாள்.
அவளுக்க ஆள் கொச்சியில் போட்டில் என்றாள்.
அதை நான் கேட்கவில்லை.

நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.
அந்த எண் உபயோகத்தில் இல்லையாம்.

பதினேழுக்கு மட்டும்
மறுபடி டிக்கைப் போட்டு அடித்தேன்.
ஏனென்று கேட்டால் பதிலில்லை.
கோடு படிக்காவிட்டால் ஏலம் நின்றுவிடுமா என்ன,
எனக்குத் தெரியாதா.

மத்தியானம் மழை விட்டிருந்தது.
கவுண்டரில் பீப். பீப். பீப்.
யாருடையதோ கம்மல், யாருடையதோ காப்பு,
ஞானஸ்நானத்துக்குப் போட்ட குட்டி மோதிரம்,
பீப்.
பிறகு சத்தமில்லை.
பிறீடா அக்கா கண்ணாடிக்கு மேலாக
என்னை ஒருதரம் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கவரைப் பக்கத்தில் சாய்த்து வைத்து
ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள்,
முன்னால் இரண்டு எழுத்து,
நடுவில் ஒன்பது எண்,
முடிவில் இரண்டு எழுத்து.
ஒன்பதாவது எண் காவல்காரனாம்.
முந்தைய எட்டில் ஒன்று தப்பினாலும்
பெட்டி ஏற்காதாம்.
ஒன்றும் தப்பவில்லை.
ரசீது கிர்ரென்று இறங்கியது.

‘இதைக் கையால அடிச்சதுக்கு
ஒரு சாயா வாங்கித் தரணும் நீ’ என்றாள்.
வாங்கித் தந்தேன். ரசவடையும்.

ஆறாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது.
பெற்றவர் என்ற இடத்தில்
‘மாமியார்’ என்று தபால்காரரின் கிறுக்கல்.
கையெழுத்துக்கு நேரே பெருவிரல்.
மை கூடிப்போய்
ரேகையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி
கட்டத்தின் விளிம்பைத் தாண்டியிருந்தது.

அட்டையைக் கோப்பில் குத்தினேன்.
மிச்சமிருந்த வெற்று ஸ்டிக்கர் ஒன்றில்
நீலப் பேனாவால் எழுதி
அச்சுப்பொறியின் நெற்றியில் ஒட்டினேன்:
டிக்கை எடுத்துவிட்டு அடிக்கவும்.