அடி

ஒலிம்பியாவின் கொட்டடி
நீளம் எழுபத்திரண்டு அடி.
அவள் அடியில் பதினொன்று.
பன்னிரண்டாவதற்குத் தூக்கிய கால்
சுவரைத் தொடாமலே திரும்பும்,
கண் மூடியிருந்தாலும்.

சர்க்கஸ்காரன் விட்டுப்போன அன்று
அவளிடம் இருந்தவை இரண்டு:
இந்தப் பெயர்,
காதுக்குப் பின்னால் அங்குசத்தின் அடி.

நான் சுல்மா.
பரானா ஆற்றங்கரையில், நகராட்சி விலங்குக் காட்சிசாலையில்
பத்தொன்பது வருடம் அவள் நகம் சீவியவள்.
வேறு வேலையும் பார்த்தேன்,
குரங்குக்குப் பழம், ஒட்டகத்துக்கு உண்ணி மருந்து.
யாராவது கேட்டால் நகத்தைத்தான் சொல்வேன்.

காலை ஆறரை.
கம்பிக்கு இடையே இடது முன்காலை நீட்டுவாள்.
வெந்நீர்த் தொட்டி, எப்சம் உப்பு,
பிறகு அரம்.
மூன்றாம் நகத்தடியில் சீழ்.
சிமென்ட்டின் ஈரம் கீழிருந்து ஏறி
நகத்துக்குள் குடியிருந்தது.
ஒரு லாரி மணல் கேட்டு எழுதினேன்.
அடுத்த வருடமும் எழுதினேன்.
மணல் வந்தது,
நகராட்சித் தலைவர் வீட்டுக்கு எதிர்ப் பூங்காவில்
பிள்ளைகள் விளையாட.
பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை.
ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைகள்
அவள் தலையாட்டலை நடனம் என்று கைதட்டுவார்கள்.
பதிவேட்டில் நான் அதற்கு எழுதிய பெயர் வேறு.

சீவல் விழ விழ
என் நாய் பீச்சோ பொறுக்கித் தின்னும்.
அதற்கு அது ராஜ விருந்து.

அவள் படுத்து நான் பார்த்ததில்லை.
சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாள்.
சாய்ந்து சாய்ந்து அந்த இடம் கறுத்து
வழவழத்துப் போயிருந்தது.
ஏணி வைத்து ஒருநாள் தொட்டுப் பார்த்தேன்:
பழைய நாற்காலியின் கைப்பிடி.

நீதிமன்றம் சொல்லி
இரும்புப் பெட்டி வந்தது.
நாற்பது நாள் யோசித்தாள்.
கடைசியில் உள்ளே போனாள்,
தர்பூசணிக்காக அல்ல,
நான் உள்ளே உட்கார்ந்து
மாத்தே குடித்துக்கொண்டிருந்தேன் என்பதற்காக.
அதுதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

எல்லையில் சுங்க அதிகாரி
படிவத்தில் 'பயன்பாடு' என்ற கட்டத்தைக் காட்டி
என்ன எழுத என்று கேட்டாராம்.
ஒன்றுமில்லை என்றாராம் ஓட்டுநர் ஒவீதியோ.
அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மாத்தோ குரோசோவின் சரணாலயத்திலிருந்து
ஜுரேமாவின் கடிதங்கள்.
போர்த்துகீசியம்.
உரக்கப் படித்தால் பாதி புரியும்.

முதலாவது:
பெட்டி திறந்தும் ஒன்பது மணி நேரம் இறங்கவில்லை.
பிறகு இறங்கினாள்.
பதினொரு அடி நடந்தாள்.
திரும்பினாள்.
எதிரே புல்தான்.

இரண்டாவது:
நேற்றிரவு காணோமென்று தேடினோம்.
செம்மண் மேட்டில் சாய்ந்து படுத்திருந்தாள்.
விடிந்தபோது ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு.
குறட்டை விடுகிறாள். உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது, ஜுரேமா.

மூன்றாவது:
சீழ் வற்றிவிட்டது.
நகம் மண்ணில் தானாகத் தேய்கிறது,
நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன அரம் வேண்டாம்.
தினமும் காலையில் வேலியருகே வந்து
இடது முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் நிற்பாள், இறக்கிவைப்பாள், போவாள்.
பதினெட்டாம் நாள் வரவில்லை.

'வரவில்லை'க்கு மட்டும்
எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

கொட்டடியில் கேப்பிபரா விடலாமா என்று
அலுவலகத்தில் கேட்கிறார்கள்.
முதலில் மணல் கொட்டுங்கள் என்றேன்.

அரத்துக்கு எண்ணெய் தடவித்
துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.
துருப்பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பீச்சோ இன்னும் ஆறரைக்குப் போய்
கம்பியடியில் உட்காருகிறது.
முதலில் எட்டு மணி வரை இருக்கும்.
நேற்று
ஆறே முக்காலுக்கே எழுந்து வந்துவிட்டது.